கூட வந்த புள்ளைகிட்ட காசு வாங்கலாமா?

ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி நடந்த கதை இது. கண்ணு காட்டறதுக்கு அப்பா சென்னைக்கு வந்திருந்தார், திரும்ப ஊருக்கு கூட்டிட்டுப் போகணும், ட்ரெயின்ல டிக்கெட் கிடைக்கறதுங்கறது அந்த வாரத்துல கனவுலகூட நடக்காது, ஆம்னி பஸ்ல கேட்ட ரேட்டுக்கு நாலு பேர் திருப்பதி போயிட்டு வந்துடலாம். சரி நம்ம கார்லயே போயிடலாம்னு முடிவு பண்ணி, வழக்கம்போல கார்பூல் ஆப்ல பின் சீட் ரெண்டையும் போட்டு விட்டேன். சென்னைல இருந்து அந்தியூர் பக்கம் எங்க ஊருக்கு சுமாரா 400 கிலோமீட்டர், பெட்ரோல் ரெண்டாயிரத்து ஐநூறு, அது போக டோல். ஆளுக்கு 550 ரூபா போட்டேன், பத்து நிமிஷத்துல ரெண்டு சீட்டும் போயிடுச்சு. ஒருத்தி சங்ககிரில இறங்கற பொண்ணு, இன்னொருத்தன் பவானில இறங்கற பையன், ரெண்டு பேரும் ஐடி, ரெண்டு பேரும் பெருங்களத்தூர்ல ஏறினாங்க.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். யாரோ என் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸுன்னு நினைச்சுட்டார் போல, நானும் விளக்கம் சொல்லலை. "ஏம்மிணி, நீங்க எந்தூரு? தோட்டம் இருக்குதா? யாரு பாத்துக்கறாங்க?"ன்னு ஆரம்பிச்சவர் மஞ்சள் விலை, போர்வெல் ஆழம், அந்தப் பையனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலைங்கற வரைக்கும் போயிட்டார். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு கடைல நிறுத்தினப்போ எல்லாருக்கும் டீ, பன் இவரே வாங்கிக் குடுத்தார், அந்தப் பையன் பர்ஸை எடுத்ததுக்கு "வெச்சுக்குங்க தம்பி, பெரியவங்க இருக்கறப்ப நீங்க எடுக்கறதா"ன்னு கையைப் புடிச்சு உள்ள தள்ளிட்டார்.

சங்ககிரில இறங்கின பொண்ணு ஜன்னல் பக்கம் வந்து, "அண்ணா, ஜிபே பண்ணிட்டேன், 550, செக் பண்ணிக்கோங்க"ன்னுச்சு. நான் சரிம்மான்னுட்டு வண்டிய எடுத்தேன். அப்பா ஒண்ணும் பேசலை. பவானில பையனும் இறங்கி அவனும் காட்டினான். வண்டி அந்தியூர் ரோட்டுல திரும்பினதும்தான் வாயத் திறந்தார்.

"கண்ணு, அந்தப் புள்ளை எதுக்கு உனக்குக் காசு குடுத்துச்சு?"

விளக்கினேன். ஆப் இருக்கு, காலி சீட்டு, பெட்ரோல் செலவைப் பிரிச்சுக்கறோம், லாபம் இல்லை, உலகம் பூரா இருக்கு, இதுக்கு ஷேரிங் எகானமின்னு பேரு, பகிர்வுப் பொருளாதாரம்னு தமிழ்ல சொல்றாங்கன்னு எல்லாம் சொன்னேன். முழுசா கேட்டுட்டு அவர் சொன்னது இதுதான்: "காசு வாங்கறதா இருந்தா மஞ்ச போர்டு போட்டுக்க. இல்லையா, சும்மா கூட்டிட்டு வா. ரெண்டுக்கும் நடுவுல என்ன கண்ணு இருக்குது? கூட வந்த புள்ளைகிட்ட எப்படிறா காசு வாங்கின, அதும் நான் டீ வாங்கிக் குடுத்திருக்கறப்ப?"

கடைசி வரி சென்டிமென்ட், அதை விடுங்க. ஆனா ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குங்கற கேள்வி இருக்கே, அதுக்கு பதில் தெரியாமதான் அமெரிக்க அரசு, ஐரோப்பிய கோர்ட்டு, நம்ம போக்குவரத்துத் துறைன்னு எல்லாரும் பல வருஷமா முழிச்சுட்டு இருக்காங்க. நானும் அன்னைல இருந்து இதைப் பத்தி கைல கிடைச்சதையெல்லாம் படிச்சுட்டு இருக்கேன்.

முதல்ல அந்த நடுவுல இருக்கற இடம் எப்படி உண்டாச்சுன்னு பார்ப்போம். ஃப்ரான்ஸ்ல ஃப்ரெடரிக் மஸெல்லான்னு ஒருத்தர், 2003 கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகணும், ட்ரெயின் எல்லாம் ஃபுல். (நம்ம தீபாவளிதான், பேரு மட்டும் வேற.) அவர் தங்கச்சியோ அக்காவோ கார்ல வந்து கூட்டிட்டுப் போக வேண்டியதாப் போச்சு. போற வழில பார்த்தா ரோட்டுல போற காரெல்லாம் ஒத்தை ஆளோட போகுது. ட்ரெயின்ல சீட் இல்லை, ஆனா அதே ஊருக்குப் போற கார்கள்ல ஆயிரக்கணக்குல சீட்டு காலியா ஓடுது, எந்த சீட்டு எந்த கார்ல இருக்குன்னு சொல்ற ஒரு லிஸ்ட்டு மட்டும்தான் இல்லை. அந்த லிஸ்ட்டைத்தான் அவர் 2006ல ஆரம்பிச்சார், அதுதான் பின்னாடி ப்ளாப்ளாகார் ஆச்சு, 2015ல இந்தியாவுக்கும் வந்துச்சு. அந்தப் பேருக்கே ஒரு கதை இருக்கு, வண்டில எவ்வளவு பேசுவீங்கன்னு ப்ரொஃபைல்ல போட்டுக்கலாம், பேசாத ஆள்னா ஒரு ப்ளா, சுமாரா பேசினா ரெண்டு, நிறுத்தவே மாட்டார்னா மூணு. எங்கப்பாவுக்கு மூணு பத்தாது.

அங்க ஒரு முக்கியமான விதி உண்டு: டிரைவர் லாபம் பார்க்கக் கூடாது. தூரத்துக்கு இவ்வளவுன்னு ஒரு உச்சவரம்பு இருக்கும், அதுக்கு மேல ஏத்த முடியாது. செலவைப் பிரிச்சுக்கலாம், சம்பாதிக்க முடியாது. அப்பா கேட்ட "நடு" இந்த உச்சவரம்புக்குள்ளதான் இருக்கு. நான் எப்படியும் ஊருக்குப் போகப் போறேன், பின் சீட்டு எப்படியும் காலி. அந்தப் பொண்ணு வராட்டியும் வண்டி கிளம்பும். டாக்ஸி அப்படி இல்லை, நீங்க கூப்பிடலைன்னா அது கிளம்பவே கிளம்பாது. என்னைக் கேட்டா இதைவிட நல்ல டெஃபனிஷன் கிடையாது, ஆனா இதை வெச்சுப் பார்த்தா ஷேரிங் எகானமின்னு பேர் வாங்கின பாதிக் கம்பெனி வெளிய போயிடும், அதான் பிரச்சனையே.

இப்ப ஏர்பிஎன்பி எடுத்துக்கோங்க, வீட்டையோ ரூமையோ ராத்திரிக் கணக்குல வாடகைக்கு விடற சைட்டு. 2007 அக்டோபர், சான் ஃப்ரான்சிஸ்கோ, ப்ரையன் செஸ்கி, ஜோ கெபியான்னு ரெண்டு பசங்க, வாடகை கட்டக் காசு இல்லை. ஊர்ல ஒரு டிசைன் மாநாடு, ஹோட்டல் எல்லாம் நிரம்பி வழியுது. வீட்டு ஹால்ல காத்தடிச்ச மெத்தை மூணு போட்டு, காலைல சாப்பாடும் உண்டுன்னு ஒரு ராத்திரிக்கு 80 டாலர் வாங்கினாங்க. மூணு பேர் வந்தாங்க, அதுல ஒருத்தர் இந்தியர். அப்புறம் 2008 தேர்தல் சமயத்துல ஒபாமா, மெக்கெய்ன் படம் போட்ட சீரியல் டப்பா ஒண்ணு 40 டாலர்னு வித்து கம்பெனிய உயிரோட வெச்சிருந்தாங்கங்கறது எல்லா ஸ்டார்ட்அப் மீட்டிங்லயும் சொல்லிச் சொல்லித் தேஞ்ச கதை. எனக்குப் புடிச்சது அந்த மூணு மெத்தைதான். வீட்டுக்காரன் வீட்டுலயே இருக்கான், வந்தவங்க ஹால்ல தூங்கறாங்க, காலைல சேர்ந்து சாப்பிடறாங்க. அது நிஜமாவே பகிர்வுதான்.

அங்க இருந்து எங்க வந்து நின்னுச்சுன்னா, ஒரே ஆள் கைல பத்து ஃப்ளாட்டு, எதுலயும் அவர் குடியிருக்கறதில்லை, சாவி கதவுப் பக்கத்து டப்பால நம்பர் பூட்டுக்குள்ள இருக்கும், வீட்டுக்காரர் மூஞ்சிய நீங்க கடைசி வரைக்கும் பார்க்க மாட்டீங்க. இதுல பகிர்வு எங்க இருக்கு? ரிசப்ஷன் இல்லாத லாட்ஜு அவ்வளவுதான். நியூயார்க் 2023 செப்டம்பர்ல இருந்து கண்டிப்பா அமல்படுத்தின விதியப் பார்த்தா சிரிப்பு வரும்: 30 நாளுக்குக் குறைவா வாடகைக்கு விடணும்னா வீட்டுக்காரர் அதே வீட்டுல இருக்கணும், ரெண்டு கெஸ்ட்டுக்கு மேல கூடாது, சிட்டில பதிவு பண்ணணும். அதாவது அந்தப் பசங்க முதல் நாள் என்ன பண்ணாங்களோ கிட்டத்தட்ட அதை மட்டும் பண்ணுங்கடான்னு சட்டம் போட்டிருக்காங்க, ஒரு மெத்தையக் குறைச்சு. பார்சிலோனா அதையும் தாண்டி, சுற்றுலாக்காரங்களுக்கு விடற பத்தாயிரத்துச் சொச்சம் ஃப்ளாட் லைசென்ஸையும் 2028 நவம்பருக்குள்ள முடிச்சு விடறோம்னு 2024ல அறிவிச்சாங்க, ஊர்க்காரங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கலைங்கறதுதான் காரணம்.

காசே வாங்காத ஒண்ணும் இருந்துச்சு. கேஸி ஃபென்டன்னு ஒருத்தர் ஐஸ்லாந்துக்கு சீப்பா ஃப்ளைட் டிக்கெட் கிடைச்சதேன்னு போட்டுட்டு, தங்க இடம் இல்லாம, அங்க யுனிவர்சிட்டில படிக்கற 1,500 பேருக்கு உங்க வீட்டு சோஃபால படுத்துக்கலாமான்னு மெயில் தட்டினார். அம்பது பேருக்கு மேல வாங்கன்னுட்டாங்க. 2004ல கவுச்சர்ஃபிங் வந்தது இப்படித்தான். காசு கிடையாது, இன்னைக்கு நான் உனக்கு இடம் தர்றேன், நாளைக்கு வேற எவனோ எனக்குத் தருவான். கேட்க நல்லா இருக்கு, ஆனா சர்வர் வாடகைய யார் கட்டறது? 2011ல அது லாப நோக்குக் கம்பெனியா மாறுச்சு, 2020 மே மாசம் கொரோனா நடுவுல சந்தா கட்டினாதான் உள்ள போக முடியும்னு கதவைச் சாத்திட்டாங்க. வருஷக்கணக்கா ஓசில சோஃபா குடுத்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சோஃபா அவங்களோடது, வீடு அவங்களோடது, நட்பும் அவங்களோடது. ஆனா யார் யாரை நம்பலாம்னு எழுதி வெச்ச அந்த நோட்டு மட்டும் கம்பெனிக்காரன் கைல இருந்துச்சு, அவன் அதைப் பூட்டிட்டான், சோலி முடிஞ்சது.

அந்த நோட்டைப் பத்திதான் எனக்கு ரொம்ப நாளா யோசனை, ஏன்னா எங்க ஊர்ல நோட்டு இல்லாமயே இதெல்லாம் நடந்துச்சு. எங்க கிணறு பங்குக் கிணறு. மூணுல ஒரு பங்குன்னு பத்திரத்துலயே எழுதி இருக்கும். எங்க முறைன்னா எங்க முறை, பெரியப்பா முறைன்னா நாங்க மோட்டார் பக்கமே போகக் கூடாது. வேனல்ல தண்ணி இறங்கிட்டா முறை நேரமும் குறையும். அஞ்சு ஸ்டார் கிடையாது, ரிவ்யூ கிடையாது, ஏன்னா தேவையே இல்லை, இன்னைக்கு நீ ஏமாத்தினா நாளைக்கும் அதே வரப்புல அதே மூஞ்சியப் பார்க்கணும், உன் வீட்டு எழவுக்கு அவன்தான் தோள் குடுக்கணும். ஓடிப் போக முடியாததுதான் அங்க நம்பிக்கை. ஆப்ல யார் வேணாலும் அடுத்த நிமிஷம் காணாமப் போகலாம், அதனாலதான் ரேட்டிங்னு ஒண்ணு தேவைப்படுது. 1996லயே இபேங்கற ஆன்லைன் ஏல சைட்டு இதைக் கண்டுபிடிச்சுருச்சு, வித்தவனைப் பத்தி வாங்கினவனும், வாங்கினவனைப் பத்தி வித்தவனும் நாலு வார்த்தை எழுதி வைங்கன்னு ஆரம்பிச்சாங்க, முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட காசை முன்னாடியே அனுப்பற தைரியம் ஜனங்களுக்கு அங்க இருந்துதான் வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் எல்லா ஆப்பும் அந்த ஐடியா மேலதான் ஓடுது.

கிணத்தைப் பத்தி இவ்வளவு ஏக்கமா எழுதிட்டு ஒண்ணை எழுதாம விட்டா அது பொய். மூணு பங்கும் ஒரே சாதி, ஒரே வகையறா. எங்க தோட்டத்துல வேலை செஞ்ச அருந்ததியர் வீட்டு ஆளுங்க அந்தக் கிணத்துல குடம் விட்டு மொண்டதை என் சின்ன வயசுல நான் பார்த்ததே இல்லை, யாராச்சும் மேல இருந்து ஊத்துவாங்க, அவங்க கீழ நிப்பாங்க. ஊர்ல பகிர்வு இருந்துச்சு, ஆனா யாருக்குள்ளங்கறது பொறக்கறதுக்கு முன்னாடியே முடிவாகி இருந்துச்சு. என் கார்ல ஏறின பையன் என்ன ஆளுன்னு எனக்குத் தெரியாது, அப்பா சுத்தி வளைச்சு கேட்டுப் பார்த்தும் அவன் புடி குடுக்கலை, எனக்கு உள்ளுக்குள்ள செம குஷி. ஆப் பண்ண நல்ல காரியம்னா நான் முதல்ல இதைச் சொல்வேன்.

ஆப்புக்கும் பேரு தெரியும், ஃபோட்டோ தெரியும், அதையும் மறந்துடக் கூடாது. ஹார்வர்ட்ல மூணு பேர் ஏர்பிஎன்பில ஒரு சோதனை பண்ணாங்க, ஒரே மாதிரி ப்ரொஃபைல், பேரு மட்டும் மாத்தி ரிக்வெஸ்ட் அனுப்பினாங்க, கறுப்பினத்தவர்னு தெரியற பேருக்கு சம்மதம் கிடைக்கறது 16% குறைஞ்சுச்சு. 2016ல இது பெரிய விவகாரமாகி, அப்புறம் 2018ல புக்கிங் உறுதியான பிறகுதான் கெஸ்ட் ஃபோட்டோ வீட்டுக்காரருக்குத் தெரியும்ங்கற மாதிரி மாத்தினாங்க. திரையில எதைக் காட்டணும் எதை மறைக்கணும்னு யாரோ ஒரு டிசைனர் எடுக்கற முடிவு, யாருக்கு ராத்திரி படுக்க இடம் கிடைக்கும்ங்கறதை மாத்துது. ப்ளாட்ஃபார்ம்னா என்னன்னு கேட்டா வெறும் நோட்டீஸ் போர்டுன்னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க, நோட்டீஸ் போர்டுக்கு இந்த பவர் கிடையாது.

இந்த நோட்டீஸ் போர்டு வாதத்தை கோர்ட்டுல போட்டு உடைச்சது ஊபர் கேஸ்தான். பார்சிலோனா டாக்ஸிக்காரங்க சங்கம் போட்ட வழக்கு, ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பர்ல தீர்ப்பு சொல்லுச்சு. ஊபர் சொன்னது, நாங்க டிரைவரையும் பயணியையும் சேர்த்து வைக்கற டெக் கம்பெனி மட்டும்தான். கோர்ட்டு கேட்டது, உச்ச கட்டணத்தை முடிவு பண்றது யாரு, காசை வாங்கிப் பிரிச்சுக் குடுக்கறது யாரு, வண்டி எப்படி இருக்கணும், டிரைவர் எப்படி நடந்துக்கணும்னு பார்த்து ஆளை வெளிய அனுப்பறது யாரு? எல்லாம் நீதானே, அப்ப நீ போக்குவரத்துக் கம்பெனிதான்னுட்டாங்க. ஆனா ரெண்டே வருஷத்துல, 2019 டிசம்பர்ல, அதே கோர்ட்டு ஏர்பிஎன்பி ரியல் எஸ்டேட் புரோக்கர் இல்லை, அது தகவல் சேவைதான்னு சொல்லுச்சு. ஏன்னா அங்க வாடகைய வீட்டுக்காரர்தான் வைக்கறார், அந்த சைட்டு இல்லாட்டியும் வீட்டை வாடகைக்கு விட ஆயிரம் வழி இருக்கு.

ரெண்டு தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்பதான் எனக்கு மண்டைல பல்பு எரிஞ்சுது. பகிர்வா வியாபாரமாங்கற கேள்விய அந்த ரெண்டு தீர்ப்புலயும் பிரதானமா எடுத்துக்கவே இல்லை. விலைய யார் வைக்கறாங்க? முக்கியமா பார்த்தது அதைத்தான்.

அமெரிக்க வணிகத் துறை 2016 ஜூன்ல இன்னொரு வேலை பண்ணாங்க. ஷேரிங் எகானமிங்கற பேரே சரியில்லை, யாரும் இங்க சும்மா எதையும் பகிரலைன்னு, டிஜிட்டல் மேட்சிங் நிறுவனங்கள்னு ஒரு பேரு வெச்சாங்க. ஆப்போ வெப்சைட்டோ வழியா ஆளுக்கு ஆள் வியாபாரத்தைச் சேர்த்து வைக்கணும், தரத்தை யூசர் ரேட்டிங் வெச்சு பார்க்கணும், வேலை செய்யறவங்க நேரத்தை அவங்களே முடிவு பண்ணணும், கருவியோ வண்டியோ தேவைப்பட்டா அதை வேலை செய்யறவங்களே கொண்டு வரணும். நாலாவதை இன்னொரு தடவை படிங்க. முதல் போடறது நீ, தேய்மானம் உனக்கு, இன்சூரன்ஸ் உனக்கு. ஒரு அரசாங்கம் இதை இவ்வளவு பச்சையா எழுதினது ஆச்சரியம்தான்.

நம்ம ஊர்ல இது எப்படி நடந்துச்சுன்னு கண்ணால பார்த்தோம். ஓலா 2010ல ஆரம்பிச்சுது, ஊபர் 2013ல பெங்களூர் வழியா உள்ள வந்துச்சு. ஆனா இங்க யாரும் சும்மா நிக்கற சொந்தக் காரை ஓட்டலை, வெள்ளை போர்டு வண்டில காசுக்கு ஆள் ஏத்தறது சட்டப்படி ஆகாது. அதனால என்னாச்சு, கடன் வாங்கி மஞ்ச போர்டு வண்டி எடுத்தாங்க. ஆரம்பத்துல இன்சென்டிவ் கொட்டுச்சு, ஊர்ல நிலத்தை வித்துட்டு வந்து வண்டி எடுத்தவங்க உண்டு. 2017 வாக்குல இன்சென்டிவ் சுருங்கிச்சு, டெல்லி, பெங்களூர்னு டிரைவர்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்க, ஆனா இஎம்ஐ சுருங்கலையே. சும்மா கெடக்கற பொருளைப் பகிர்றதுங்கற தத்துவம் இந்தியாவுக்கு வந்து இறங்கினப்போ, பொருளே இல்லாதவனை கடன் வாங்கி பொருள் வாங்க வெச்சுருச்சு.

இதுல பெரிய காமெடி, அந்த ஆப்புகள்ல நிஜமாவே பகிர்வுன்னு சொல்லக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, ஊபர்பூல், ஓலா ஷேர், முன்னப்பின்ன தெரியாத ரெண்டு மூணு பேர் ஒரே வண்டில போறது. 2017ல கர்நாடகா போக்குவரத்துத் துறை அதைத்தான் நிறுத்தச் சொல்லுச்சு. கான்ட்ராக்ட் கேரியேஜ் பெர்மிட்டுன்னா ஒரு பார்ட்டி, ஒரு பயணம், வழில ஏத்தி இறக்கக் கூடாதுங்கறது சட்டம். நம்ம ஷேர் ஆட்டோவும் இதே சிக்கல்லதான் வருஷக்கணக்கா ஓடுது. ஓஎம்ஆர்ல, பீக் அவர்ல, மூணு பேர் சீட்டுல எட்டு பேர் மடில பையோட உட்கார்ந்து, கடைசில இருக்கறவர் குடுத்த காசு நாலு கை மாறி டிரைவருக்குப் போய், மிச்ச சில்லறை அதே நாலு கை வழியா திரும்ப வர்றதைப் பார்த்திருக்கீங்களா? ஆப் இல்லை, ரேட்டிங் இல்லை, சர்ஜ் இல்லை, சில்லறை இதுவரைக்கும் தொலைஞ்சதும் இல்லை. ஷேர்ங்கற வார்த்தைய நியாயமா சம்பாதிச்சது அந்த ஆட்டோதான்.

இதையெல்லாம் ஊருக்குப் போறப்ப அப்பாகிட்ட அப்பப்ப சொல்லிட்டே இருப்பேன். ஒரு தடவை, சென்னைல ராத்திரி கேப்ல வந்தப்ப நடந்ததைச் சொன்னேன். எந்த ஆப்புன்னு இங்க வேணாம். என் ஃபோன்ல 412 ரூபா காட்டுச்சு, இறங்கறப்ப டிரைவர் அண்ணன் அவர் ஃபோனைத் திருப்பிக் காட்டினார், அவருக்கு 291. நடுவுல இருக்கற 121 என்ன கணக்குன்னு எனக்கும் தெரியலை, அவருக்கும் தெரியலை, ஒரே வண்டில முன்ன பின்ன உட்கார்ந்துட்டு வந்தோம்.

அப்பா ஆச்சரியமே படலை. "துண்டு போட்டுப் பேசறான்"ன்னார்.

மாட்டுச் சந்தை பார்த்தவங்களுக்குப் புரியும். அந்தியூர்ல ஆடி மாசம் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு கூடற சந்தை பெரிய சந்தை, குதிரை, மாடு எல்லாம் வரும். அங்க தரகர் தோள்ல ஒரு துண்டு இருக்கும். மாட்டை வாங்கறவர் கையப் புடிச்சு மேல துண்டைப் போட்டுக்குவார், உள்ள விரலைத் தொட்டுத் தொட்டு விலை பேசுவாங்க, வெளிய இருக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் விக்கறவர் கையோட அதே துண்டுக்கடில இன்னொரு பேச்சு. வாங்கறவன் என்ன விரல் காட்டினான்னு விக்கறவனுக்குத் தெரியாது. நடுவுல நிக்கறவனுக்கு மட்டும் ரெண்டும் தெரியும். "தரகு வாங்கறது தப்பில்ல கண்ணு, அவன் இல்லைன்னா மாடு எங்க இருக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? துண்டுக்குள்ள எவ்வளவு எடுத்தான்னு தெரியாததுதான் தப்பு"ன்னார்.

நான் படிச்ச தீர்ப்புகள், அறிக்கைகள் எல்லாத்தையும்விட இது எனக்குத் தெளிவா இருந்துச்சு. ஆப்புங்கறது நல்ல தரகர், பயங்கர கெட்டிக்காரத் தரகர், லட்சம் மாட்டையும் லட்சம் ஆளையும் ஒரே நேரத்துல ஞாபகம் வெச்சிருக்கற தரகர். அவர் செய்யற வேலைக்கு மதிப்பு இருக்கு, நான் அதை மறுக்கவே இல்லை, அந்த சங்ககிரிப் பொண்ணை எனக்கு யார் காட்டியிருப்பாங்க? ஆனா கார்பூல்ல 550 ரூபாய நான் போட்டேன், அந்தப் பொண்ணு பார்த்தே புக் பண்ணுச்சு, எங்க ரெண்டு பேருக்கும் அந்த நம்பர் ஒண்ணுதான். அங்க துண்டு இல்லை. கேப் ஆப்ல துண்டு இருக்கு, அதுக்கடில அல்காரிதம் இருக்கு.

சட்டமும் மெதுவா துண்டை இழுத்துப் பார்க்குது. பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டு 2021 பிப்ரவரில, ஊபர் டிரைவர்கள் சுயதொழில்காரங்க இல்லை, தொழிலாளிகள்னு சொன்னப்போ அவங்க எடுத்து வெச்ச முதல் காரணமும், கட்டணத்தை ஊபர்தான் நிர்ணயிக்குதுங்கறதுதான். இந்தியாவுல 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டம் கிக் தொழிலாளி (வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளிய வேலை செய்யறவர்), ப்ளாட்ஃபார்ம் தொழிலாளி (அதையே ஆப் வழியா செய்யறவர்), அக்ரிகேட்டர் (அந்த ஆப்பை நடத்தற கம்பெனி)னு மூணு பேருக்கும் தனித்தனியா விளக்கம் எழுதி, அக்ரிகேட்டர் வருஷ வருமானத்துல 1ல இருந்து 2% வரைக்கும் தொழிலாளர் நலனுக்குக் குடுக்கணும்னு சொன்னது, ஆனா அது அமலுக்கு வர்றதுக்கு 2025 நவம்பர் ஆயிடுச்சு. தமிழ்நாட்டுல 2023ல கிக் தொழிலாளர்களுக்குத் தனியா நலவாரியம் அமைச்சாங்க. 2020-21லயே நாட்டுல இப்படி வேலை செய்யறவங்க 77 லட்சம்னு நிதி ஆயோக் கணக்கு. மத்திய அரசோட 2025 வழிகாட்டுதல்படி சொந்த வண்டி ஓட்டற டிரைவருக்கு கட்டணத்துல 80%க்குக் குறையாம போகணும். என் 412க்கு 80% போட்டுப் பாருங்க. (போட்டுட்டேன், 329 சொச்சம் வருது. அது இந்த வழிகாட்டுதல் வர்றதுக்கு முந்தின பயணம், அதனால சண்டைக்கு வழி இல்லை.)

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை குடுக்கறது வேற ஒரு மாடல். பெங்களூர்ல 2022ல வந்த 'நம்ம யாத்ரி'ங்கற ஆப், ஆட்டோக்காரங்ககிட்ட ஒவ்வொரு சவாரிக்கும் கமிஷன் எடுக்காம, ஒரு நாளைக்கு 25 ரூபா மாதிரி ஒரு தொகை கட்டிட்டு எத்தனை சவாரி வேணா ஓட்டிக்கோங்கன்னு சொல்லுச்சு, பயணி குடுக்கற காசு நேரா டிரைவர் கைக்கு. அப்புறம் பெரிய கம்பெனிகளும் ஆட்டோவுக்கு இந்த வழிக்கு வர வேண்டியதாயிடுச்சு. அப்பா பாஷைல இது சந்தைச் சுங்கம், வாசல்ல டோக்கன் காசு கட்டிட்டு உள்ள போ, உன் காய்க்கு நீ விலை சொல்லு. சவாரிக்கு சவாரி கமிஷன் எடுக்கற ஆப்பு கமிஷன் மண்டி. ஈரோட்டுல மஞ்சள் வித்த எந்தக் குடியானவரைக் கேட்டாலும் இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்வார். சுங்க மாடல்லயும் ஓட்டை இருக்கு, டிரைவர் மீட்டருக்கு மேல இருபது குடுன்னு நின்னா கேட்க ஆள் இல்லை, போன வாரம்கூட ஒருத்தர்கிட்ட மல்லுக்கட்டினேன். ஆனா அந்த இருபதை என் மூஞ்சியப் பார்த்துக் கேட்டார், துண்டுக்கடில எடுக்கலை.

அந்த தீபாவளி ட்ரிப்புக்கு வந்த ரேட்டிங்கை இன்னும் சொல்லலையே. அந்தப் பொண்ணு அஞ்சு ஸ்டார் போட்டு, அங்கிள் ரொம்ப ஸ்வீட்னு எழுதியிருந்துச்சு. பையன் மூணு ஸ்டார், "சேஃப் டிரைவிங். காரில் இருந்த பெரியவர் நிறைய பர்சனல் கேள்வி கேட்டார்." நியாயம்தான், நான் மறுக்கலை.

பொங்கல் முடிஞ்சு அப்பா மறுபடி கண்ணு காட்ட வரணும், எனக்கு லீவு இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் அவருக்கு அதே ஆப்ல சீட் போட்டுக் குடுத்தான். காசு வாங்கறதுக்கு அவ்வளவு பேசின மனுஷன், காசு குடுக்கறதுக்கு ஒரு வார்த்தை பேசலை. பவானில ஏறி பெருங்களத்தூர்ல இறங்கினார், கூப்பிடப் போயிருந்தேன், கார்ல இருந்து இறங்கி டிக்கியத் திறந்து, கொண்டு வந்த சாக்குல இருந்து நாலு தேங்காய எடுத்து அந்த டிரைவர் தம்பி வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல முன் சீட்டுல வெச்சார். 600 ரூபா எண்ணிக் குடுத்தார். அப்புறம் அவன் கல்யாணம் எப்பன்னு கேட்டுட்டுதான் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஃபோன்ல ஆப் கேட்டுச்சு, உங்கள் பயணம் எப்படி இருந்தது, டிரைவருக்கு மதிப்பெண் தருங்கள்னு. நான் போட்டுத் தர்றேன்னு வாங்கினேன், புடுங்கிட்டார். "கூட்டிட்டு வந்த பையனுக்கு மார்க்குப் போடறதுக்கு நான் என்ன வாத்தியாரா?" அவர் போடலை, என்னையும் போட விடலை. மாசம் ரெண்டாச்சு, மஞ்சள் விலை பார்க்க அவர் ஃபோனைக் கைல வாங்கறப்பல்லாம் அந்த நோட்டிஃபிகேஷன் மேலயே நிக்குது, அஞ்சு காலி ஸ்டாரோட.